லேப் அம்மாவின் டிகிரி

போன மாதம் உங்களில் ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். உப்பு ஆலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். "சார், ஒரு வருஷத்துல டிகிரி குடுக்கறாங்களாம். ரொம்ப ஈசியாம். வாங்கினா வேலைக்கு உதவுமா சார்?" என்று கேட்டாள். நான் அவளைத் திட்டி அனுப்பிவிட்டேன். உழைக்காமல் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ள அலைகிற கூட்டம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே கேள்வியை இருபது வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் என்னிடம் கேட்டார். அவரையும் இதே வார்த்தைகளால்தான் திட்டினேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று என் முகத்துக்கு நேராகவே தெரிந்துபோனது. அதற்குப் பிறகும் அதே வாய் அதையே திரும்பச் சொல்கிறது என்றால் அது வாயே இல்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கும், உப்பு ஆலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாதவன். நயமாக எல்லாம் வராது.

அப்போது மரக்காணத்தில் ஒரு தனியார் உப்பு ஆலையில் நான் சூப்பரின்டென்டன்டாக இருந்தேன். பாத்தியில் தண்ணீர் கட்டுவதிலிருந்து லாரியில் மூட்டை ஏற்றுவது வரை எல்லாம் என் பொறுப்பு. திண்டிவனத்தில் மூன்று வருடம் முழுசாகப் படித்து வாங்கிய பி.எஸ்ஸி. வேதியியல் என்னிடம் இருந்தது. ஆலையில் டிகிரி இருந்த ஒரே ஆள் நான்தான். முதலாளியே பத்தாவது. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

எங்கள் ஆலையில் சோதனைக்கூடம் என்று ஒரு அறை உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் லேப் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. கீழ்புத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கல்யாணமான புதிதில் பாத்தியில் உப்பு வாரும் கூலி வேலைக்கு வந்தவர். பிறகு சோதனைக்கூடத்தில் குடுவை கழுவப் போனார். அங்கே இருந்த கெமிஸ்ட் வேறு வேலை கிடைத்துப் போனபோது, அவர் செய்த எல்லாச் சோதனையையும் இந்த அம்மா பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். முதலாளிக்கு லாபம். புதிதாக ஆள் போடவில்லை. 2004-இல் அந்த அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. படிப்பு பத்தாவது. கணவர் கொத்தனார். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில்.

இப்போது என் அயோக்கியத்தனத்தைச் சொல்கிறேன். அரசுக் கொள்முதலுக்குப் போகிற ஒவ்வொரு லாரியோடும் ஒரு சான்று போக வேண்டும். உப்பில் அயோடின் இவ்வளவு இருக்கிறது என்று எழுதி, கீழே பட்டதாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் பாதி நேரம் பாத்திப் பக்கம் இருப்பேன். ஒவ்வொரு லாரிக்கும் ஆபீசுக்கு ஓடி வர முடியாது. அதனால் சான்றுப் புத்தகத்தில் ஐம்பது தாளுக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். லேப் அம்மா சோதனை செய்து எண்ணை நிரப்புவார். மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது தப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லா ஆலையிலும் அப்படித்தான் நடந்தது. அதனால் தப்பு மாதிரியே தெரியவில்லை.

2004 தொடக்கத்தில் கொள்முதல் அதிகாரி ஒருவர் ஆலையைப் பார்க்க வந்தார். சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். லேப் அம்மா அப்போது பாத்தியிலிருந்து வந்த தண்ணீரை நீளக் குடுவையில் ஊற்றி, அதில் மீட்டரை மிதக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. அதில் இருக்கிற கோட்டை நாங்கள் டிகிரி என்போம். இருபத்திநாலு வந்தால்தான் தண்ணீரை உப்பு விளையும் பாத்திக்குத் திறந்து விடுவோம். மரக்காணத்தில் உப்பு வாருகிற கூலியாளுக்கும் டிகிரி என்றால் அதுதான்.

அதிகாரி கேட்டார்: "டெஸ்ட் எல்லாம் நீங்கதானா? டிகிரி என்னம்மா?"

அந்த அம்மா மீட்டருக்கு நேராகக் குனிந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இருபத்திமூணரை சார். இன்னும் ரெண்டு நாள் வெயில் காயணும்."

அதிகாரி வெடித்துச் சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். "சார் உங்க படிப்பைக் கேக்கறாரும்மா" என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பத்தாவதுங்க" என்றார். அதிகாரி என்னைப் பார்த்து, "சான்றுல கையெழுத்து நீங்கதானே? பட்டதாரிதான் போடணும், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டார். வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, பதினெட்டு வயது தாண்டியிருந்தால் போதும், மூன்று வருடப் பாடத்தையும் ஒரே வருடத்தில் எழுதலாம், பி.ஏ. வரலாறு. சேரலாமா என்றார். அந்தக் காலத்தில் பாண்டிச்சேரியில் இதற்கென்று சந்துக்குச் சந்து போர்டு தொங்கியது.

நான் குதித்தேன். "உப்புக்கும் வரலாறுக்கும் என்னம்மா சம்பந்தம்? மூணு வருஷம் காலேஜுக்கு நடந்தவன் நான். பதினெட்டு டிகிரியிலேயே தண்ணியைத் திறந்து விட்டா என்ன ஆகும்? உப்போட சுண்ணாம்பும் சேர்ந்து படியும். பார்க்க வெள்ளையா இருக்கும், சரக்கு மட்டம். நீ வாங்கப்போற டிகிரியும் அதான்."

பேசி முடித்ததும் சரியான அடி கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மா மேஜை மேல் இருந்த மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சார், மீட்டரைப் போட்டாத்தான் தண்ணி முத்துதா? அது வெயில்ல முத்துது. மீட்டரு வெளிய இருந்து வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. எனக்கு வேலை தெரியும் சார். காட்டறதுக்கு ஒண்ணு இல்ல. அதைத்தான் கேட்டேன்."

பதில் வராதபோது எனக்குக் கோபம்தான் வரும். "என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் முதலில் போன இடம் பாண்டிச்சேரியில் ஒரு மாடி அறை. அங்கே இருந்த ஏஜென்ட் டீ வாங்கிக் கொடுத்து உபசரித்தானாம். "அம்மா, நீங்க படிக்கவே வேணாம். பரீட்சைக்கும் வர வேணாம். நம்ம ஆளு எழுதிடுவான். போட்டோ மட்டும் ரெண்டு குடுங்க, ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் வீடு தேடி வரும்" என்றானாம். இந்த அம்மா கேட்டிருக்கிறார்: "அப்ப டிகிரி எனக்கா, என் போட்டோவுக்கா?" டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

பிறகு வேறொரு இடத்தில், பரீட்சையை நாமே எழுத வேண்டிய இடத்தில் சேர்ந்தார். அதுவும் ஈசிதான். நான் பொய் சொல்ல மாட்டேன். புத்தகம் ஒல்லி. கேள்விகள் போன வருடத்துக் கேள்விகள். மதியம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். "மூணு வருஷத்து ராஜாக்களையும் ஒரே வருஷத்துல முழுங்கறேன் சார், எல்லாரும் தொண்டையிலயே நிக்கறாங்க" என்பார். நான் போகும்போதும் வரும்போதும் "எந்த ராஜா இன்னிக்குப் போருக்குப் போறாரு?" என்று கிண்டல் செய்வேன். லோடு ஏற்றுகிற ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள். ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

அந்த வருடம் டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. மரக்காணத்துக் குப்பங்களில் நடந்ததை நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பாத்திகளில் வரப்பு உடைந்து சேறு ஏறியது. சுத்தம் செய்து தண்ணீர் கட்டவே மார்ச் ஆகிவிட்டது. 2005-இல் சீசன் பிந்தியதால் முதலாளிக்கு ஒரே பதற்றம். விளைந்ததை விளைந்த அன்றே லாரியில் ஏற்று என்று நெருக்கிக்கொண்டே இருந்தார்.

அப்படிப்பட்ட மே மாதத்தில் லேப் அம்மாவுக்குப் பரீட்சை வந்தது. செவ்வாயிலிருந்து சனி வரைக்கும், நடுவில் வெள்ளி மட்டும் கிடையாது. ஐந்து நாளும் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். நான் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். "சார், சான்றுப் புக்கை உங்க பீரோவுல வெச்சுப் பூட்டிடுங்க. டெஸ்ட்டை நீங்களே ஒரு தடவ பண்ணிடுங்க. அயோடின் தெளிக்கிற குழாய் இன்னிக்கு ஒரு மாதிரி சத்தம் போட்டுது."

"நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எனக்கே நீ பாடம் எடுக்கறியா?" என்றேன்.

"இல்ல சார், ஞாபகப்படுத்தினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இரண்டையும் செய்யவில்லை. கோடை மழை வரும் போல மேகம் கட்டியது. நாலு நாளும் நான் பாத்திப் பக்கமே கிடந்தேன், உப்புக் குவியலுக்குக் கீற்று மூட ஆள் தேடிக்கொண்டு. வேலை இருந்தது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. கல்லூரியை விட்டு வந்த பிறகு அந்தச் சோதனையை நான் செய்ததே இல்லை. எந்த மருந்தை முதலில் ஊற்ற வேண்டும் என்று கூட மறந்துபோயிருந்தது. அதை யாரிடமும் கேட்க என் டிகிரி விடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். வரப்பு மேல் குடை பிடித்துக்கொண்டு லேப் அம்மா வேகமாக நடந்து வந்தார். வீட்டில் படிக்க இடமில்லை என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கே வந்திருக்கிறார். வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. கையில் ஒரு தட்டு. அதில் இரண்டு சிட்டிகை உப்பு.

"சார், இதப் பாருங்க." சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். உப்பில் அயோடின் இருந்தால் அந்தச் சொட்டு விழுந்த இடம் நீலமாக வேண்டும். ஆகவில்லை. உப்பு வெள்ளையாகவே இருந்தது.

"மருந்து கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்." பக்கத்தில் இருந்த இன்னொரு சிட்டிகையில் சொட்டு விட்டார். உடனே நீலம். "இது திங்கக்கிழமை மூட்டை. அது இன்னிக்கு மூட்டை. மருந்து நல்லாத்தான் இருக்குது. செவ்வாய், புதன், வியாழன் மூட்டையும் பாத்துட்டேன். செவ்வாக்கிழமை காலையிலேர்ந்து வெள்ளைதான்."

குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. லாரிகளை அனுப்புகிற கிளார்க்கைக் கூப்பிட்டேன். புதன் ஒரு லாரி, வியாழன் ஒரு லாரி, இன்றைக்குக் காலை ஒரு லாரி. மூன்றும் கள்ளக்குறிச்சி கிடங்குக்கு. அங்கிருந்து மலை ஊர்களுக்குப் போகிற உப்பு. "சான்று எப்படிடா குடுத்தே?" என்றேன். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்: "புக்குல உங்க கையெழுத்து இருந்துச்சு சார். போன வார நம்பரையே போட்டுட்டேன். தெனமும் அதே நம்பர்தானே சார் வருது?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் செய்ததைத்தான் நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரே வித்தியாசம், எனக்குப் பின்னால் ஒரு நேர்மையான ஆள் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார்.

என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான். மறைக்காமல் எழுதுகிறேன். "விடும்மா. குழாயைச் சரி பண்ணிடலாம். மூணு லோடு அயோடின் இல்லாம தின்னா யாரும் சாகப் போறதில்ல."

"அதான் சார் பயமா இருக்குது" என்றார். "செத்தா வந்து கேப்பாங்க. அயோடின் இல்லாம கழுத்து வீங்கினா யாரு வந்து நம்மளக் கேக்கப் போறாங்க?"

நான் கேட்டேன்: "இப்ப என்ன பண்ணச் சொல்றே? லாரி போயே ரெண்டு மணி நேரம் ஆச்சு. டிரைவர்கிட்ட செல்போனும் கிடையாது."

அந்த அம்மா தட்டை வரப்பில் வைத்தார். "இன்னிக்கு வண்டி யாருது சார்?"

"காதர் பாய்."

"அப்ப திண்டிவனம் போங்க சார். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழாம திண்டிவனத்தைத் தாண்ட மாட்டாரு. பள்ளிவாசல் பக்கத்துலதான் வண்டி நிக்கும். இந்தக் குப்பியையும் எடுத்துக்கிட்டுப் போங்க, சும்மா சொன்னா நம்ப மாட்டாரு."

பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். லாரி அங்கேதான் நின்றது. தொழுகை முடிந்து கூனிமேட்டுக் காதர் பாய் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார். வண்டியைத் திருப்புங்கள், உப்பில் அயோடின் இல்லை என்றேன். அவர் சான்றை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா பாய்."

"அயோடின் இருக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இல்லேன்னும் நீங்களே சொல்றீங்க. நான் எந்த சாரை நம்பறது?"

குப்பியைத் திறந்து, மூட்டையிலிருந்து சிந்திய உப்பை அவர் உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். வெள்ளை. பாய் உள்ளங்கையைத் தட்டி உதறினார். "நல்ல வேளை சார், அல்லாஹ் வெள்ளிக்கிழமைன்னு ஒரு நாளு வெச்சான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, திருப்பினார். நான் பின்னாலேயே வந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் ஓடியது. எந்த சாரை நம்பறது.

ஆலைக்குத் திரும்பியபோது மூன்று மணி. முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு லாரி திரும்பிவிட்டது. மீதி இரண்டும் கிடங்கில் இறக்கியாகிவிட்டது. அந்த வருடம் எங்களிடம் இருந்த பெரிய கொள்முதல் அது ஒன்றுதான். அது போனால் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் தேடிய வழிதான் கேவலம்.

லேப் அம்மாவின் சோதனை நோட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை வரை எண்கள். அதற்குப் பிறகு காலி.

"ஏம்மா, இதுல நாலு நாளுக்கும் நம்பர் போட்டுடு" என்றார் முதலாளி. "சான்றுல இருக்கிற நம்பரையே போடு. சரியாப்போச்சு. யாரு வந்து பாக்கப் போறான்?"

"நான் இந்த நாலு நாளு இங்க இல்லீங்களே."

"இருந்தேன்னு எழுது."

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது? கை வலிக்குதா? நீ படிச்சுட்டு வந்தா உனக்கே கையெழுத்து அதிகாரம் குடுக்கலாம்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன். இந்த உதவி கூடப் பண்ண மாட்டியா?"

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். பரீட்சை ஹால் டிக்கெட். அவர் போட்டோ ஒட்டியிருந்தது. செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு தேதிக்கும் நேராக அவர் கையெழுத்து, பக்கத்தில் பரீட்சை மேற்பார்வையாளர் கையெழுத்து.

"இந்த மூணு நாளும் நான் பாண்டிச்சேரியில பரீட்சை எழுதினேங்க. இங்க டெஸ்ட் பண்ணினேன்னு எழுதினா, அங்க எழுதினது யாருன்னு கேப்பாங்க. ஏற்கனவே ஆள் வெச்சு எழுதற பரீட்சைன்னு ஊரே சிரிக்குது. எங்க ஹால்லயே பாதிப் பேரு புக்கைத் தொறந்து வெச்சுத்தான் எழுதறாங்க. நான் ஒருத்தி தலையைத் தூக்காம எழுதிக்கிட்டு இருக்கேன். இந்த நோட்டுல நீங்க சொல்றத எழுதினா என் பரீட்சை பொய்யாயிடுங்க. நான் எழுதினதே நான் எழுதினதில்லன்னு ஆயிடும்."

முதலாளி கத்தினார். "ஒண்ணுத்துக்கும் ஆவாத பரீட்சை! அதுக்குப் போயி என் கம்பெனிய மூடுவியா? சரி, நீ எழுத வேணாம். லேப் பொம்பளை டெஸ்ட் பண்ணாம ஏமாத்திட்டான்னு ஆபீசருக்கு நானே எழுதறேன்."

அறையில் இருந்தது மூன்று பேர். லீவு லெட்டரில் என் கையெழுத்து. சான்றில் என் கையெழுத்து. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. என் பணிக்காலத்தில் நான் வெட்கப்படுகிற நேரம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்த அம்மாதான் மறுபடியும் பேசினார்: "சார் வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டது தப்பு. அதை மூணு வருஷமா நிரப்பினது நான். நான் அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும், அது என் தப்பு. அதை வேணா எழுதித் தர்றேன். பண்ணாத தப்பை எழுத மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

"நாளைக்கு எனக்கு எப்படியும் லீவுங்க" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சனிக்கிழமை பரீட்சையை நினைத்துச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உடம்பில் உயிர் வந்த மாதிரி இருந்தது. போனை என் பக்கம் இழுத்து கொள்முதல் அதிகாரியின் எண்ணைச் சுற்றினேன். முதலாளி கையை நீட்டினார். நான் போனை விடவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே சொன்னேன். வெறுந்தாளில் கையெழுத்து வரைக்கும். பிறகு அதிகாரி சொன்னார்: "திங்கக்கிழமைதான் மலைக்கு அனுப்பறோம். ரெண்டு லோடையும் நிறுத்திடறேன், வந்து எடுத்துக்குங்க. நீங்களா சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது." அவர் முடிக்கவில்லை. "ஆனா இனிமே உங்க கையெழுத்துல ஒரு மூட்டை கூட உள்ள வராது. வேற பட்டதாரி கையெழுத்துப் போட்டா அனுப்புங்க. அது வரைக்கும் நிறுத்தி வைங்க."

போனை வைத்தேன். லேப் அம்மா ஹால் டிக்கெட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார், கிளம்பட்டுமா? படிக்க இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்குது" என்றார்.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தார். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அரசுக்கு உப்பு போகவில்லை. கடைச் சரக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஆலையைத் தட்டுத்தடுமாறி ஓட்டினோம். யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் முதலாளி சமாளித்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் நான் தினமும் காலையில் சோதனைக்கூடத்துக்குப் போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சோதனையை முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். பி.எஸ்ஸி. வேதியியல், பத்தாவதிடம். "மெதுவா விடுங்க சார், சொட்டு சொட்டா" என்பார். அவர் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

மழைக்கு முன்னால் ரிசல்ட் வந்தது. பி.ஏ. வரலாறு, மூன்றாம் வகுப்பு. கொள்முதல் ஆபீசின் நிபந்தனையில் பட்டதாரி என்று மட்டும்தான் இருந்தது. என்ன பட்டம் என்று இல்லை. முதலாளி வேறு வழியில்லாமல் அந்த அம்மாவின் பெயரை எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஈசியான டிகிரி வாங்கலாமா?

வேலை தெரியாதவன் வாங்கினால் அது அவனுக்கு ஒன்றும் செய்யாது. ஈசி டிகிரியை விடுங்கள், கஷ்டப்பட்டு வாங்கிய என் டிகிரியே என்ன செய்தது? எனக்கு வேலை மறந்துபோனதைப் பல வருடம் மூடி மறைத்தது. அவ்வளவுதான். வேலை தெரிந்தவர்கள், வீட்டுச் சூழ்நிலையால் படிக்க முடியாமல் போனவர்கள், கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள், அவர்கள் வாங்கட்டும். கதவுக்காரன் டிக்கெட் கேட்டால் சண்டை போட்டுக்கொண்டு நிற்காதே, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போ. ஆனால் சேருவதற்கு முன்னால் அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று விசாரி. அந்த அம்மாவின் டிகிரி அரசாங்க வேலைக்கு உதவாது என்று பிறகு தெரிந்தது. அவர் அரசாங்க வேலை கேட்கவில்லை, அதனால் நஷ்டமில்லை. நீ கேட்பாய் என்றால் உனக்கு நஷ்டம்.

உனக்கு வயதும் நேரமும் இருக்கிறதா? அப்படியானால் முழுசாகப் படி. அந்த அம்மா தன் மகளை மூன்று வருடக் கல்லூரியில்தான் சேர்த்தார். ஏன், நீங்கள் படித்த மாதிரியே படிக்க வைக்கலாமே என்று கேட்டேன். "எனக்கு நேரம் இல்ல சார், குறுக்கால போனேன். அவளுக்கு இருக்குது. அவ எதுக்கு முள்ளுல நடக்கணும்?" என்றார்.

போட்டோவுக்கு டிகிரி விற்கிறவனைப் பார்த்தால் அவன் டீயைக் கூடக் குடிக்காதே. படிப்பு ஈசியாக இருக்கலாம், பாடம் ஒல்லியாக இருக்கலாம், பக்கத்தில் இருப்பவன் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நீயாக இருக்க வேண்டும். அந்த அம்மாவை அன்றைக்குக் காப்பாற்றியது டிகிரி இல்லை. அது அப்போது கைக்கே வரவில்லை. காப்பாற்றியது ஹால் டிக்கெட்.

என்னிடம் வந்து திட்டு வாங்கிப் போன பெண்ணே, உன்னை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் திட்டினேன். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். மறுபடியும் வா, கேட்கிறேன்.

2006-இல், சீசன் தொடங்கி கொஞ்ச நாளில், அதே அதிகாரி ஆலைக்கு வந்தார். இந்த முறை நான் பின்னால் நின்றேன். லேப் அம்மா குடுவைக்கு முன்னால் குனிந்திருந்தார், மீட்டர் மிதந்துகொண்டிருந்தது. மேஜை மேல் சான்றுப் புத்தகம். அதில் ஒரு தாளில் கூட முன்கூட்டிப் போட்ட கையெழுத்து இல்லை. அதிகாரி புரட்டிப் பார்த்தார். அவருக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதட்டில் சிரிப்பு.

"டிகிரி என்னம்மா?"

அந்த அம்மா நிமிர்ந்தார். "எதக் கேக்கறீங்க சார்? தண்ணியோடதா, என்னுதா?"

"உங்களோடது."

"பி.ஏ. சார். தேர்டு கிளாஸ்."

"தண்ணியோடது?"

அவர் குனிந்து, அவசரப்படாமல், மீட்டர் ஆடி அடங்குகிற வரைக்கும் பார்த்தார்.

"இருபத்திநாலு சார்" என்றார். "பர்ஸ்ட் கிளாஸ்."